பிளான் 200, வருவது 95: நெட்வொர்க் கார்டு மந்தமானால் எங்கே பார்ப்பது?

வேளச்சேரி உறுப்பினர்:
200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் ஸ்பீட் டெஸ்ட் 94, 95லயே நின்னா டிரைவர்ல (கார்டை இயக்குற மென்பொருள்) கை வைக்காதீங்க. 100 எம்பிபிஎஸ் லிங்க்ல (கார்டுக்கும் ரௌட்டருக்கும் நடுவுல இருக்கிற இணைப்பு) ஹெடர், அதாவது டேட்டாவோட சேர்ந்து போற முகவரி விவரம் எல்லாம் போக மிஞ்சுறது அவ்வளவுதான். விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து லிங்க் ஸ்பீட் வரியைப் பாருங்க. 1000 இருக்கணும். 100 காட்டினா, ரௌட்டர்ல கேபிள் சொருகுற லான் போர்ட்டே 100தானான்னு முதல்ல பாருங்க. விலை குறைஞ்ச மாடல்கள்ல அப்படித்தான் வருது. போர்ட் கிகாபிட்னா (1000 எம்பிபிஎஸ்) அடுத்து கேபிள்.

பெசன்ட் நகர் உறுப்பினர்:
கேபிள் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்லணும். 100க்கு 1, 2, 3, 6 பின்கள்ல வர்ற நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். ஆனா எந்த வேகம்னு ரெண்டு பக்கமும் பேசி முடிவு பண்றது அந்த நாலு கம்பியிலேயே நடந்துடுது. அதனால மத்த நாலுல, நீலமோ பழுப்போ அறுந்திருந்தா 1000னு ஒத்துக்குவாங்க, லிங்க் மட்டும் ஏறாது. சில கார்டு தானா 100க்கு இறங்கிடும். சிலது வந்து வந்து போகும். இந்த ரெண்டாவது வகையைத்தான் டிரைவர் கோளாறுன்னு நினைச்சு விண்டோஸையே திரும்பப் போடறாங்க!

எங்க பக்கம் உப்புக் காத்து. கேபிள் நுனியில இருக்கிற ஆர்ஜே45 கனெக்டரோட பின்ல பச்சை பூத்திருந்தா துடைக்காதீங்க, வெட்டிட்டு புது கனெக்டர் கிரிம்ப் பண்ணுங்க (கருவியால அழுத்திப் பொருத்துங்க). 1லேர்ந்து 8 வரை பின் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி 3லயும் 6லயும் பிரிஞ்சுதான் உட்காரணும். அதை 3, 4னு பக்கத்துல பக்கத்துல வெச்சா சாதா டெஸ்டர்ல எட்டு விளக்கும் எரியும், வேகம் மட்டும் வராது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுல கேபிள் வாங்கினா கம்பி நுனியைச் சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியம், செம்பு இல்லை.

பெரம்பூர் உறுப்பினர்:
லிங்க் 1000 இருந்தும் மந்தமா? இப்போதான் டிரைவர் முறை. டிவைஸ் மேனேஜர்ல கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்ற மின் சேமிப்பு வசதிகள் இரண்டையும் அணையுங்கள். பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் கார்டை நிறுத்த அனுமதிக்கும் டிக்கை எடுங்கள். ஸ்பீட் அண்ட் டூப்ளக்ஸ் ஆட்டோவிலேயே இருக்கட்டும். ஒரு முனையில் 100 ஃபுல் (ஒரே நேரத்தில் இரு திசையும்) என்று கட்டிவைத்தால் ஆட்டோவில் இருக்கும் மறுமுனை ஹாஃப் டூப்ளக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) விழுந்துவிடும். பிங் என்ற சின்ன சோதனைச் செய்தி சுத்தமாகப் போகும், பெரிய ஃபைல் மட்டும் திணறும்.

அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் பட்டனை அழுத்தி முந்தைய டிரைவருக்குத் திரும்புங்கள். அந்தப் பட்டன் மங்கியிருந்தால் மதர்போர்டு நிறுவனத்தின் பக்கத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கி வைத்துக்கொண்ட பிறகே இப்போது இருப்பதை நீக்குங்கள். முந்திக்கொண்டு நீக்கிவிட்டால் மொபைல் நெட்டைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்தான் வழி.

அம்பத்தூர் உறுப்பினர்:
லினக்ஸ்ல ரியல்டெக் கிகாபிட் கார்டுக்கு கெர்னலோட (லினக்ஸோட மையப் பகுதி) வர்ற டிரைவர் ஆர்8169. பெரும்பாலும் அதுவே போதும். ரியல்டெக்கோட சொந்த டிரைவர் ஆர்8168ஐ டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானா பில்ட் பண்ற கருவி) வழியா போட்டா, அந்த பில்டுக்குத் தேவையான கெர்னல் ஹெடர்ஸ் பேக்கேஜும் கூடவே இருக்கணும். இல்லேன்னா அடுத்த கெர்னல் அப்டேட்ல ஆர்8168 மாட்யூல் பில்ட் ஆகாது, ஆர்8169 பிளாக்லிஸ்ட்ல (ஏறக் கூடாதுன்னு தடுத்த பட்டியல்) இருக்கும், நெட்டே வராது.

வேளச்சேரி உறுப்பினர்:
பெரம்பூர் சார் சொன்னதோட ஒண்ணு. டிரைவரை மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வீட்டுக்குள்ளேயே ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல வேகத்தை அளக்குற ஐபெர்ஃப்3 நிரலை ஓட்டுங்க. 940 எம்பிபிஎஸ் பக்கம் வந்தா கார்டு, கேபிள், டிரைவர் மூணும் சரி. அதுக்கப்புறம் இணைப்பு கொடுத்தவங்களைக் கூப்பிடலாம்.