பண்ணைக் குட்டை கன அளவு: மூணு பேருக்கு மூணு விடை, டபுள் இன்டக்ரல்ல எங்க தப்பு? (அவசரம்)

காரிமங்கலம்_22
30க்கு 30 பண்ணைக் குட்டை. தோண்டி முடிஞ்சுது. நான் டபுள் இன்டக்ரல் (பரப்பு முழுக்க ஆழத்தைத் தொகையிடுற கணக்கு) போட்டா 1512 கன மீட்டர் வருது. எஸ்டிமேட்ல 1464னு இருக்கு. ஜேசிபிக்காரர் 1476னு எழுதிக் கொடுத்திருக்கார். நாளைக்குக் காலையில பணம் பைசல் பண்ணணும். ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன், லிமிட் (எங்கிருந்து எது வரைங்கிற எல்லை) எல்லாம் சரியாத்தான் இருக்கு. யார் விடை சரி? சீக்கிரம் சொல்லுங்க.

ஊத்தங்கரை_லெவல்
ஆழம் எவ்வளவுங்க? 30 அடியா, மீட்டரா? மேல் அளவா, அடித்தள அளவா?

செம்மண்
கரைச் சரிவு என்ன வெச்சிருக்காங்க? ஒண்ணுக்கு ஒண்ணா, ஒன்றரைக்கு ஒண்ணா? அதைச் சொல்லாம ஒண்ணும் சொல்ல முடியாது.

டிப்பர்_கணக்கு
இதுல கணக்கே தப்பில்ல தம்பி. தோண்டின மண்ணு பொங்கும். குழியில 100 இருந்தா வண்டியில 120, 125 ஆகும். அந்த வித்தியாசம்தான் இது. எத்தனை லோடு போச்சுன்னு எண்ணினீங்களா?

செம்மண்
பொங்கினா அஞ்சுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்கு கூடணும். 1464க்கும் 1512க்கும் நடுவுல இருக்கிறது நூத்துக்கு மூணு சொச்சம்தான். அதுவும் இல்லாம மூணுமே குழியோட அளவு. லோடு கணக்கை இதுல கலக்காதீங்க.

வரிசைமாற்று
எக்ஸ் முதல்ல போட்டீங்களா, ஒய் முதல்ல போட்டீங்களா? வரிசையை மாத்திப் போட்டுப் பாருங்க. டபுள் இன்டக்ரல்ல பாதிப் பிரச்சினை அதுலதான் தீரும்.

அளவுகோல்
வரிசையை மாற்றினால் விடை மாறாது. ஆழம் தொடர்ச்சியான சார்பு, பரப்பு எல்லையுள்ளது. எந்தத் திசையில் முதலில் தொகையிட்டாலும் ஒரே எண்தான். வேலை எளிதாகும், அவ்வளவே. தம்பி, இது கல்லூரி முதலாண்டுப் பாடம். பரப்பைத் தாளில் வரையாமல் எல்லை போடுகிறவர்கள் எல்லோரும் இதே இடத்தில்தான் விழுகிறார்கள். "லிமிட் சரி" என்று எழுதுவதற்குப் பதில் லிமிட்டையே எழுதியிருக்கலாம்.

காரிமங்கலம்_22
ஆழம் 2 மீட்டர். சரிவு 1.5.

ஊத்தங்கரை_லெவல்
30 மேலயா கீழயான்னு இன்னும் சொல்லல. பரவால்ல, விடையை வெச்சே பிடிச்சிடலாம்.

30 அடித்தளம்னா மேல 36 வரும், கன அளவு 2184. அது இல்ல. சரிவைத் தலைகீழா, 1 படுக்கைக்கு 1.5 ஆழம்னு எடுத்தா 1645 சுமார் வரும். அதுவும் இல்ல. 30 மேல், 1.5 படுக்கைக்கு 1 ஆழம்னா, 2 மீட்டர் இறங்க ஒவ்வொரு பக்கமும் 3 மீட்டர் உள்ள வரும், அடித்தளம் 24க்கு 24. அப்ப 1464. எஸ்டிமேட் போட்டவங்க அப்படித்தான் போட்டிருக்காங்க.

டிப்பர்_கணக்கு
அப்படின்னா இப்பப் புரிஞ்சுபோச்சு. 100 அடி டேப் வெச்சு அளந்திருப்பாங்க. 100 அடின்னா 30.48 மீட்டர். அதே சரிவு, அதே ஆழத்துக்குப் போட்டா 1516 வருது. தம்பிக்கு 1512. டேப்தான் தப்பு!

செம்மண்
1516 வேற, 1512 வேற. தம்பி போட்டது டேப் அளவு இல்ல, தாள்ல 30னு வெச்சுப் போட்ட கணக்கு. தப்பு பிடிபட்டா வித்தியாசம் 48ஐ முழுசா விளக்கணும். கிட்டத்தட்ட வந்துச்சுன்னு விட்டா, தப்பை விட்டுட்டு நல்ல டேப்பைத் திட்டிட்டு இருப்போம்.

தம்பி, எழுதின கணக்கை அப்படியே போடுங்க.

காரிமங்கலம்_22
நடு: 24 × 24 × 2 = 1152.
ஒரு பக்கச் சரிவு: கரையிலிருந்து தூரம் ஒய். ஆழம் = ஒய் / 1.5. ஒய் 0 முதல் 3 வரை, எக்ஸ் 0 முதல் 30 வரை. இன்டக்ரல் 90.
நாலு பக்கம் 360. மொத்தம் 1512.

செம்மண்
கிடைச்சிருச்சு. எக்ஸ் 0 முதல் 30 வரைன்னு போட்டிருக்கீங்களே, அங்கதான்.

ஒவ்வொரு சரிவுப் பட்டையும் 30 நீளம், 3 அகலம்னு எடுத்தா, நாலு மூலையிலயும் 3க்கு 3 சதுரம் ரெண்டு பட்டையிலயும் விழுது. மேல் பரப்பைக் கூட்டிப் பாருங்க: 576 + 4 × 90 = 936. குட்டையோட மேல் பரப்பு 900தான். 36 சதுர மீட்டர் ரெண்டு தடவை எண்ணியாச்சு. இன்டக்ரல் போடுறதுக்கு முன்னாடி, துண்டுகளோட பரப்பு மொத்தப் பரப்புக்குச் சமமான்னு ஒரு தடவை கூட்டிப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

இன்னும் கிட்டப் போய்ப் பாருங்க. ஒரு கரையிலிருந்து 1 மீட்டர், பக்கத்துக் கரையிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி மூலைக்குள்ள ஒரு புள்ளி. உங்க கணக்குப்படி அங்க ஆழம் 0.67 + 1.67 = 2.33 மீட்டர். குட்டையே 2 மீட்டர்தான்! நிஜத்துல அங்க ஆழம் 0.67. பக்கத்துக் கரைச் சரிவு அங்க 1.67க்கு இறங்கியிருந்தாலும், இந்தக் கரைச் சரிவோட மண்ணு அங்க இன்னும் நிக்குதே. ரெண்டுல எது குறைவோ அதுதான் ஆழம்.

ஆக, மூலைச் சதுரத்துல சார்பு "எக்ஸ், ஒய் ரெண்டுல சின்னது / 1.5". அதை ஒரே லிமிட்ல போட முடியாது. மூலைவிட்டத்துல ரெண்டா வெட்டணும். கீழ் முக்கோணத்துல ஒய் சின்னது: எக்ஸ் 0 முதல் 3 வரை, ஒய் 0 முதல் எக்ஸ் வரை. உள் இன்டக்ரல் எக்ஸ் ஸ்கொயர் / 3. வெளி இன்டக்ரல் 3. மேல் முக்கோணமும் அதே 3. ஒரு மூலைக்கு 6 கன மீட்டர்.

நடு 1152.
பட்டைகள் 24 × 3, சராசரி ஆழம் 1: 72 × 4 = 288.
மூலைகள் 6 × 4 = 24.
மொத்தம் 1464.

உங்க கணக்குல ஒரு மூலைக்கு 18 போயிருக்கு. 12 அதிகம், நாலு மூலைக்கு 48. வித்தியாசம் மிச்சமில்லாம தீந்துச்சு.

ஊத்தங்கரை_லெவல்
சரிபாக்க இன்னொரு வழி, ஒரே இன்டக்ரல்ல. செங்குத்தா வெட்டாம படுக்கையா வெட்டுங்க. இசட் ஆழத்துல பக்கம் 30 − 3 இசட். அதோட வர்க்கத்தை 0 முதல் 2 வரை தொகையிட்டா (27000 − 13824) / 9 = 1464. மூலைத் தொல்லையே இல்ல, ஏன்னா ஒவ்வொரு மட்டத்துலயும் முழுச் சதுரம்.

பென்னாகரம்_மேடு
அப்ப ஜேசிபிக்காரர் 1476 எப்படிப் போட்டார்? 12 கன மீட்டர்னா 424 கன அடி, யூனிட்டுக்கு 100 கன அடின்னா நாலு யூனிட்டுக்கு மேல. தெரிஞ்சே ஏத்திப் போட்டிருக்காங்க.

ஊத்தங்கரை_லெவல்
ஏத்தல. மேல் பரப்பு 900, கீழ் பரப்பு 576, சராசரி 738, அதை 2ஆல பெருக்கு: 1476. மண் வேலை நடக்கிற எல்லா இடத்துலயும் கையில இருக்கிற முறை இது. வாய்க்கால், ரோடு மாதிரி நீளமான வேலையில, ரெண்டு குறுக்குவெட்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா வித்தியாசம் தெரியாது. குட்டை மாதிரி நாலு பக்கமும் சுருங்குற குழியில கூடத்தான் காட்டும், குறையாது.

அளவுகோல்
அந்த 12 எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிட வேண்டும். சராசரிப் பரப்பு முறை மூலைச் சதுரத்துக்கும் சராசரி ஆழம் 1 மீட்டர் என்றே எடுத்துக்கொள்கிறது. ஒரு மூலைக்கு 9. உண்மையில் அது ஒரு பிரமிடின் கன அளவு: 9 சதுர மீட்டர், உச்ச ஆழம் 2, மூன்றில் ஒரு பங்கு, 6. ஒரு மூலைக்கு 3 கூடுதல், நாலுக்கு 12. ஆக மூன்று விடையும் நடுவிலும் பட்டையிலும் ஒன்றே. மூலையில் மட்டும் 18, 9, 6.

செம்மண்
அண்ணா, அருமை. இதை நான் யோசிக்கல.

பென்னாகரம்_மேடு
முறை எதுவா இருந்தாலும் காசு கொடுக்கிறவருக்கு நாலு யூனிட் நாலு யூனிட்தான். வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே எந்த முறைன்னு பேசி எழுதிக்கணும்.

டிப்பர்_கணக்கு
வண்டிக்காரரை மட்டும் சொல்லாதீங்க. நடு மட்டத்துப் பரப்பு 27 × 27 = 729ஐ வெச்சு 2ஆல பெருக்கினா 1458. அது வண்டிக்காரருக்கு 6 நட்டம். அப்படிப் போட்டுக் கொடுக்கிறவங்களும் இருக்காங்க.

ஊத்தங்கரை_லெவல்
ரெண்டு பேரும் சண்டை போட வேண்டாம். மேல் பரப்பு, நாலு தடவை நடுப் பரப்பு, கீழ் பரப்பு கூட்டி, ஆழத்தால பெருக்கி, 6ஆல வகுங்க: (900 + 2916 + 576) × 2 / 6 = 1464. சரிவு சீரா இருந்தா பரப்பு ஆழத்தோட வர்க்கமாத்தான் மாறும், அதனால இது தோராயம் இல்ல, துல்லியம். டேப்பும் கால்குலேட்டரும் போதும்.

பென்னாகரம்_மேடு
அப்புறம் டபுள் இன்டக்ரல் எதுக்கு?

செம்மண்
நம்ம பக்கம் ரெண்டு மீட்டர் தோண்டுறதுக்குள்ள பாறை தட்டுற காடு எத்தனை இருக்கு? ஒரு ஓரத்துல 1.4ல நிப்பாட்டியிருப்பாங்க, இன்னொரு ஓரம் 2 போயிருக்கும். அப்ப 24க்கு 24 தளம்னு ஒண்ணே கிடையாது, சூத்திரமும் நிக்காது. கட்டம் போட்டு, கோடுகள் வெட்டுற ஒவ்வொரு புள்ளியிலயும் ஆழம் எடுக்கணும். அதுதான் கையால போடுற டபுள் இன்டக்ரல்.

அடித்தளம் 24க்கு 24ல 6 மீட்டர் கட்டம்னா 25 புள்ளி. ஒரு புள்ளி எத்தனை கட்டத்துல சேருதோ அதுதான் எடை: மூலை 4க்கும் எடை 1, ஓரம் 12க்கும் எடை 2, உள்ள 9க்கும் எடை 4. ஒவ்வொரு ஆழத்தையும் எடையால பெருக்கிக் கூட்டி, கடைசியில ஒரு கட்டத்தோட பரப்பு 36ஐ அதோட 4 மூலைக்குப் பிரிச்சு, 36 / 4 = 9ஆல பெருக்குங்க. எடை மட்டும் கூட்டினா 64, அதை 9ஆல பெருக்கினா 576, தளத்தோட பரப்பு வந்துரும். அது வரலைன்னா எடை எங்கயோ தப்பு.

வரிசைமாற்று
மேல 30க்கு 30 முழுசுக்கும் 6 மீட்டர் கட்டம் போட்டுட்டா சரிவும் சேர்ந்தே வந்துருமே?

செம்மண்
கூடவே கூடாது. தளம் சமமா இருக்கிற நல்ல குட்டையிலயே போட்டுப் பாருங்க. ஓரப் புள்ளி எல்லாம் ஆழம் 0. உள்ள 16 புள்ளி, எல்லாம் 2. விடை 1152! 312 கன மீட்டர் காணாமப் போச்சு. சரிவு 3 மீட்டர்லயே முடிஞ்சாலும், கட்டம் அதை 6 மீட்டர் நீளச் சரிவுன்னு நினைச்சுக்குது.

கட்டம் 3 மீட்டர்னு வெச்சா 1458. சரிவு முடியுற அடிக்கோடு கட்டக் கோட்டு மேலயே விழுறதால பட்டை சரியாயிடுது. மூலை மட்டும் 6க்குப் பதிலா 4.5 காட்டும். கட்டத்தைச் சின்னதாக்குறதை விட, மடிப்பு எங்க இருக்கோ அங்க கோடு விழ வைக்கிறதுதான் முக்கியம். தளத்துக்குத் தனிக் கட்டம், சரிவுக்குத் தனிக் கணக்கு.

காரிமங்கலம்_22
மூலைதான். இன்னைக்குக் காலையில உக்காந்து பேசினோம், 1464க்கு ஒத்துக்கிட்டாங்க. ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும்.

ஊத்தங்கரை_லெவல்
நல்லதுங்க. ஒண்ணு மட்டும். தோண்டின அளவு 1464ன்னா அவ்வளவு தண்ணி நிக்காது. கரை உடையாம இருக்க மேல 30 சென்டிமீட்டர் விட்டா, தண்ணி மட்டத்துல பக்கம் 29.1. கொள்ளளவு 1202 கன மீட்டர். மேல 30 சென்டிமீட்டர்லயே 262 போயிடுது, ஏன்னா அங்கதான் குட்டை அகலம். தண்ணிக் கணக்குப் போடும்போது 1464ஐ எடுத்துடாதீங்க. தண்ணி வெளியேறுற வழி எந்த மட்டத்துல வெச்சிருக்காங்க?

கெலமங்கலத்தான்
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்களுது வட்டக் குட்டை. மேல் ஆரம் 15, அடி ஆரம் 12, ஆழம் 2. போலார்ல (நடுவிலிருந்து தூரம் ஆர், கோணம் தீட்டா வெச்சு) போட்டா 169.6 வருது. ரொம்பக் கம்மியா இருக்கே?

அளவுகோல்
ஆழத்தை ஆரத்தின்மீது மட்டும் தொகையிட்டு 2 பையால் பெருக்கியிருக்கிறீர்கள்: (24 + 3) × 2 பை. மீட்டரை மீட்டரால் பெருக்கினால் சதுர மீட்டர்தான் வரும், கன அளவு வராது. அலகு எழுதியிருந்தால் அங்கேயே நின்றிருப்பீர்கள். போலாரில் பரப்புத் துண்டு டி ஆர் டி தீட்டா அல்ல, ஆர் டி ஆர் டி தீட்டா. நடுவிலிருந்து தள்ளிப்போகப் போகத் துண்டின் வில் நீளம் ஆர் மடங்காக விரிகிறது.

அந்த "ஆர்" பெருக்கலையும் சேர்த்தால் உள் வட்டம் 288 பை, சரிவு வளையம் 78 பை, மொத்தம் 366 பை, சுமார் 1149.8 கன மீட்டர். மேலே உள்ள சதுரக் குட்டையோடு ஒப்பிடுங்கள்: ஒவ்வொரு மட்டத்திலும் உங்கள் வட்டம் அந்தச் சதுரத்துக்குள் தொட்டுக்கொண்டு உட்காரும், ஆகவே விடை 1464ஐ பையால் பெருக்கி 4ஆல் வகுத்ததாக இருக்க வேண்டும். இருக்கிறது.

கெலமங்கலத்தான்
வந்துருச்சுங்க. வளையத்துல ஆழம் (15 − ஆர்) / 1.5 தானே?

செம்மண்
அதேதான். ஆர் 12 முதல் 15 வரை.