எஃப்டிஎக்ஸ் கிரிப்டோ சந்தையைக் கவிழ்த்தது நவம்பர் 2ஆ, நவம்பர் 6ஆ?

பேரேடு: "கிரிப்டோ பற்றிப் புலனாய்வு நூல் எழுத யாரையும் சந்திக்க வேண்டாம், பிளாக்செயினைப் (எல்லாப் பரிமாற்றமும் பதிவாகும் பொதுச் சங்கிலியைப்) படித்தால் போதும், எஃப்டிஎக்ஸ் அப்படித்தான் மாட்டியது" என்று ஒருவர் இங்கே அடித்து விட்டிருக்கிறார். மாட்டியது எப்படி? 2022 நவம்பர் 2 அன்று காயின்டெஸ்க் செய்தித் தளம், எஃப்டிஎக்ஸின் நிறுவனரே வைத்திருந்த வர்த்தகக் கம்பெனியான அலமீடாவின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துச் செய்தி போட்டது. 1,460 கோடி டாலர் சொத்து என்று காட்டியிருந்தார்கள். அதில் 580 கோடிக்கு மேல் எஃப்டிடி, அதாவது எஃப்டிஎக்ஸ் தானே உருவாக்கிய டோக்கன். அந்தத் தாள் எந்தச் சங்கிலியில் இருந்தது?

கண்ணிதேடி: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே ஐயா. நவம்பர் 2 செய்தியைப் படித்து யாரும் பணத்தை எடுக்க ஓடவில்லை. 2.3 கோடி எஃப்டிடி போட்டிச் சந்தையான பைனான்ஸுக்கு நகர்ந்ததைச் சங்கிலியைக் கவனிப்பவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். நவம்பர் 6 அன்று பைனான்ஸின் அப்போதைய தலைவர் சாங்பெங் ஜாவ், எஃப்டிடியை "விற்கப்போகிறோம்" என்று ட்வீட் போட்டார். அதற்கப்புறம்தான் ஓட்டம்.

பேரேடு: அண்மையில் வெளியான தகவல்களால் விற்கிறோம் என்று அதே ட்வீட்டில் காரணமும் இருக்கிறது. எந்தத் தகவல்? நவம்பர் 2.

ஓரக்கண்: ஒரு சந்தேகம். புலனாய்வு என்று நீங்கள் சொல்வது செய்தியையா, புத்தகத்தையா? இரண்டுக்கும் வேலை வேறு.

பேரேடு: அது அப்புறம். முதலில் நவம்பர் 2க்குப் பதில் வரட்டும்.

கண்ணிதேடி: நவம்பர் 6.

பேரேடு: சரி, ட்வீட்டை விடுங்கள். எஃப்டிஎக்ஸ் நிறுவனர் மீதான 2023 வழக்கு விசாரணையில் வந்ததையாவது படித்தீர்களா? அலமீடாவின் கணக்கு மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம் என்று எஃப்டிஎக்ஸின் நிரலிலேயே சலுகை எழுதி வைத்திருந்தார்கள். கடன் வரம்பு 6,500 கோடி டாலர். வாடிக்கையாளர்கள் அனுப்பிய டாலர்கள் அலமீடாவின் கையில் இருந்த வங்கிக் கணக்குகளில் போய் விழுந்தன. நிரல் கம்பெனியின் கணினியில், டாலர் வங்கியில். இரண்டுமே சங்கிலிக்கு வெளியே. இதையெல்லாம் சொன்னது கூடவே இருந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட கூட்டாளிகள். ஆளைச் சந்திக்காமல், நீதிமன்றத்தில் உட்காராமல் நூல் எழுதினால் அது வாலட் (கிரிப்டோ கணக்கு) முகவரிகளின் பட்டியலாகத்தான் இருக்கும்.

கண்ணிதேடி: பிரசங்கத்துக்கு நன்றி. 2016ல் பிட்ஃபினெக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து 1,19,754 பிட்காயின் திருடு போனது. 2022ல் சுமார் 94,000 காயினை மீட்டார்கள். ஐந்தரை வருடம் அந்தப் பணத்தின் தடத்தைக் காட்டியது யார்? உங்கள் பேலன்ஸ் ஷீட்டா?

பேரேடு: மீட்டது எப்படி என்று முழுசாகச் சொல்வதுதானே. சந்தேக ஆளின் கிளவுட் கணக்கில் பூட்டி வைத்திருந்த கோப்பைச் சோதனை ஆணை வாங்கித் திறந்தார்கள். உள்ளே வாலட் முகவரிகளும் சாவிகளும் வரிசையாக இருந்தன. மறுபடியும் கோப்பு. மறுபடியும் ஆவணம். நவம்பர் 2 மாதிரியே.

கண்ணிதேடி: எந்த ஆளின் கணக்கு என்று தடம் காட்டாமல் யார் மேல் ஆணை வாங்குவார்கள்? ஜோசியம் பார்த்தா?

நட்டக்கணக்கு: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2021ல் இதே இடத்தில் ஒரு டோக்கனைக் காட்டி "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், சங்கிலி பொய் சொல்லாது" என்று எழுதியது கண்ணிதேடிதானே? கண்ணை மூடியபடியே இருக்கிறேன். திறக்கலாமா?

கண்ணிதேடி: அது முதலீட்டு ஆலோசனை அல்ல என்று அப்போதே போட்டிருந்தேன். இங்கே பேச்சு நவம்பர் 6 பற்றி.

ஓரக்கண்: காயின்டெஸ்கின் அன்றைய முதலாளி டிஜிட்டல் கரன்சி குரூப், அதுவும் கிரிப்டோ கம்பெனிதான். அந்தச் செய்தி கிளப்பிய சரிவில் அவர்களுடைய கடன் கம்பெனி ஜெனிசிஸே 2023 ஜனவரியில் திவாலாகிவிட்டது. நூல் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அதை விட்டுவிட்டுத் தேதிக்கு அடித்துக்கொள்கிறீர்கள்.

பேரேடு: ஓரக்கண் எழுதியதில் பாதி எனக்குச் சாதகம். "அந்தச் செய்தி கிளப்பிய" என்று அவரே சொல்லிவிட்டார், படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஓரக்கண்: நான் உங்கள் கட்சி இல்லை. போன மாதம் டெதர் (டாலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோ நாணயம்) விவகாரத்திலும் என் வரியைப் பாதி வெட்டி இப்படித்தான் ஒட்டினீர்கள்.

பேரேடு: டெதருக்கு 2021ல் 4.1 கோடி டாலர் அபராதம் விழுந்ததா இல்லையா? அந்த விவரமும் கேட்டு வாங்கிய ஆவணங்களில் இருந்துதான் வந்தது.

கண்ணிதேடி: இப்போது டெதருக்குத் தாவியாச்சா? நவம்பர் 6க்குப் பதில் வரவில்லை.

நட்டக்கணக்கு: எனக்கும்தான் வரவில்லை.