முழுக் கவச உடையில் கைத்துப்பாக்கியும் கத்தியும் எங்கே இருக்கும்?

பட்டர்வொர்த் ஓவியன்:
வணக்கம். பினாங்கில் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு தமிழ்ப் படக்கதை தயாரித்து வருகிறேன். இக்காலத் தரைப்படை வீரர் ஒருவருக்கு மார்பிலும் முதுகிலும் தகட்டுக் கவசம், வயிற்றின்மேல் தோட்டா மேகசின் பைகள், முதுகுப்பை ஆகியவற்றை வரைந்து முடித்தால் இடுப்பில் இடமே இருப்பதில்லை. திரைப்படங்களில் தொடையில் துப்பாக்கியும் தோளில் தலைகீழாகக் கத்தியும் தொங்குகின்றனவே, உண்மையிலும் அப்படித்தானா?

செந்தூல் முன்னாள் சார்ஜன்:
தம்பி, காலாட்படையில் எல்லாருக்கும் கைத்துப்பாக்கி கொடுப்பதில்லை. உங்கள் பாத்திரம் அதிகாரியா, வாகனக் குழுவினரா, சிறப்புப் படையினரா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தொடை உறை வெறும் பகட்டன்று. கவசத்தின் கீழ்விளிம்பு இடுப்பு பெல்ட்டை மறைத்துவிடுவதால்தான் துப்பாக்கியைக் கீழே இறக்கினார்கள். 1980இல் லண்டனில் ஈரான் தூதரகத்துக்குள் புகுந்து பிணையாளிகளை மீட்ட பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். வீரர்களிடமும் அத்தகைய உறைகள் இருந்தன. ஆனால் ஓவியர்கள் அதை முழங்காலுக்கே கொண்டுபோய்விடுகிறார்கள். அவ்வளவு கீழே தொங்கினால் ஓடும்போது ஆடி ஆடிக் காலைத் தளர வைத்துவிடும். கவச விளிம்புக்குச் சற்றுக் கீழே, தொங்கவிட்ட கையின் மணிக்கட்டுக்கு அருகில் பிடி வருமாறு வரையுங்கள். வாகனத்திலோ ஹெலிகாப்டரிலோ அமர்ந்திருப்பவருக்கு இருக்கைப் பட்டை இடுப்பை அடைத்துக்கொள்வதால் மார்பு உறை வசதியானது; அவரே இறங்கிக் குப்புறப் படுத்தால் அது நெஞ்சில் குத்தும். பிடியின் அடியிலிருந்து பெல்ட்டுக்கு ஒரு சுருள் கயிற்றையும் வரைந்துவிடுங்கள், துப்பாக்கி கைதவறினாலும் தொலையாது.

பாயான் லெப்பாஸ் வாசகர்:
கத்தியைப் பற்றி நான் சொல்கிறேன். கயிறு அறுக்கவும் உணவுப் பொட்டலம் பிரிக்கவுமே அது பெரும்பாலும் பயன்படுகிறது. தோளில் தலைகீழாகத் தொங்கும் கத்தி படத்துக்கு அழகுதான், ஆனால் உறையின் பிடிப்பு தளர்ந்தால் புதருக்குள் விழுந்துவிடும், துப்பாக்கி வாரிலும் சிக்கும். வலக்கைக்காரர் பலர் அதை பெல்ட்டின் முன்புறத்தில், நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக வைப்பார்கள். எந்தக் கையாலும் எட்டலாம். எதிரி துப்பாக்கியைப் பறிக்க முயன்றால் வலக்கை உறையை அழுத்திப் பிடித்திருக்க, இடக்கை கத்தியை உருவிவிடும். இன்னொன்று: கவசத்தில் 1 அங்குல அகலப் பட்டைகள் 1 அங்குல இடைவெளியில் வரிசையாகத் தைக்கப்பட்டிருக்கும். உறையின் வார் அவற்றினூடே மேலும் கீழுமாகப் பின்னிச் செல்லும். கொக்கியில் மாட்டியதுபோல் வரைந்தால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். மலாயா அவசரகாலத்தில் கூர்க்கா வீரர்கள் குக்ரி என்ற வளைந்த கத்தியைப் பின்னிடுப்பில் செருகிக்கொண்டு காட்டுக்குள் நடந்தார்கள். தகட்டுக் கவசத்துடன் வாகனத்தில் சாய்ந்து உட்காரும் இன்றைய வீரருக்கு அந்த இடம் முதுகெலும்புக்கே வினையாகும்.

பட்டர்வொர்த் ஓவியன்:
மிக்க நன்றி ஐயா, நன்றி நண்பரே. என் பாத்திரம் கவச வாகன ஓட்டுநர், ஆகவே மார்பு உறைதான். வரைவதற்கு மாதிரியாக ஒரு பொம்மைத் துப்பாக்கி வாங்கலாமா?

செந்தூல் முன்னாள் சார்ஜன்:
வேண்டாம் தம்பி. நம் நாட்டில் அசலைப் போன்ற போலித் துப்பாக்கியும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வரும். உறையின் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி மார்பில் கட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டீயரிங் எங்கே இடிக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.