பழனி மலைத்தொடரில் அம்மாவுடன் அமைதியாகத் தங்கப் பூம்பாறையா, தாண்டிக்குடியா?

கேள்வி: மதுரை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். தை மாதத்தில், வார நாட்களில் இரண்டு இரவுகள் என் அம்மாவை மலையூர் ஒன்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கிராமத்தில் பிறந்து வளர்ந்து, திருமணத்திற்குப் பிறகு நகரத்து மாடி வீட்டிலேயே இருந்துவிட்ட அவருக்கு, மறுபடியும் வயலும் தோட்டமும் பார்த்துக்கொண்டு ஓரிடத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆசை. கொடைக்கானல் ஏரிக்கரை நெரிசல் எங்களுக்கு வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. குளிரும் அதிகம் தாங்கமாட்டார். பூம்பாறை, தாண்டிக்குடி ஆகிய இரண்டில் எது பொருந்தும் என்று அங்கே தங்கியவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: பண்ணைக்காட்டுக்காரர்

முழங்கால் வலியும் குளிரும்தான் கவலை என்றால் தயங்காமல் தாண்டிக்குடிக்கு வாருங்கள். கொடைக்கானலை விட உயரம் நன்றாகவே குறைவு என்பதால், தை மாதத்திலும் ஒரு கம்பளியோடு சமாளித்துவிடலாம். வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, தடியன்குடிசை வழியாக ஏறினால் கொடைக்கானல் நகரத்தைத் தொடவே வேண்டியதில்லை. அரசுப் பேருந்தும் உண்டு. கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால் அம்மாவை முன் இருக்கையில் அமர வைத்து, வெறும் வயிற்றோடும் இல்லாமல், வயிறு நிறையவும் உண்ணாமல் அழைத்து வாருங்கள்.

இந்தப் பக்கம் முழுவதும் காப்பித் தோட்டங்கள்தாம். நிழல் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். இடையிடையே மலைவாழையும் ஆரஞ்சும் நிற்கும். தை மாதம் காப்பிப் பழம் பறித்துக் களத்தில் காயவைக்கும் காலம். சிவந்த பழம் நாளாக நாளாகக் கறுத்துச் சுருங்குவதையும், பெண்கள் பலகையால் அதைக் கிளறிவிடுவதையும் திண்ணையில் இருந்தபடியே பார்க்கலாம். நடக்க இயலாதவருக்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியவில்லை. ஊரில் பாலமுருகன் கோயில் இருக்கிறது. பழங்காலக் கல்திட்டைகளும் உண்டு, ஆனால் அவற்றுக்காக அம்மாவை நடக்க வைக்க வேண்டாம்.

பதில் 2: மேல்மலை நண்பர்

பண்ணைக்காட்டு நண்பர் சொன்னது நியாயமே. ஆயினும், வயல் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்படுவதால் பூம்பாறையை எளிதில் ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் மேலே சாலையோரம் நின்று, படிப்படியாக இறங்கும் வயல்களையும் நடுவே நெருங்கிக் கிடக்கும் வீடுகளையும் படம் எடுத்துக்கொண்டு மன்னவனூருக்குப் போய்விடுகிறார்கள். இரவு தங்கினால்தான் ஊர் தெரியும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் ஊர்களில் இதுவும் ஒன்று. விதைப்பூண்டைத் தண்டோடு கொத்தாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி மேலே தொங்கவிட்டிருப்பார்கள். சிறிய பல்தான், ஆனால் ஒன்றை நசுக்கினால் அறை முழுவதும் காரமாக மணக்கும். குழந்தை வேலப்பர் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மூலவரைப் போகர் செய்தார் என்பது இங்குள்ள நம்பிக்கை.

தெருக்கள் சரிவானவை என்பதை மறைக்க விரும்பவில்லை. தை மாதக் குளிரும் கடுமையானது. ஆகவே இந்த முறை தாண்டிக்குடிக்குச் சென்று வாருங்கள். பூம்பாறையைப் பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சொந்த வண்டியில் கொடைக்கானல் வழியாக வருவதென்றால், 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸை (வண்டி நுழைவதற்கான அனுமதி) இணையத்தில் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள், கட்டணம் கிடையாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை உள்ளதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டு வருவது நல்லது. இருட்டிய பின் சாலையில் நடக்க வேண்டாம், காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே வருகின்றன.

மதுரை வாசகர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தாண்டிக்குடி என்றே முடிவு செய்துவிட்டோம். தங்குமிடம் பேசும்போது எதைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்?

பண்ணைக்காட்டுக்காரர்

உரிய பதிவு பெற்ற இடமா என்று முதலில் கேளுங்கள். அறை தரைத்தளத்தில் இருக்கிறதா, கழிப்பறை மேல்நாட்டு முறையிலானதா, வெந்நீர் காலையிலும் கிடைக்குமா என்பவற்றை நேரடியாகக் கேட்டுவிடுங்கள். இரவு உணவை முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கடைகள் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள். அம்மாவின் மாத்திரைகளையும் கைச்செலவுக்கான பணத்தையும் வத்தலக்குண்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டு மலையேறுங்கள்.