மறு: ‘அரெஸ்ட் ரெக்கார்டு’ தமிழில்: கைதுப் பதிவா, கைது விவரமா?

எல்லாருக்கும் வணக்கம்.

நாலு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று காலை பார்த்தால் ‘அரெஸ்ட் ரெக்கார்டு’க்கு, அதாவது ஒருவர் கைதானதைக் காட்டும் ஆவணத்துக்கு, ‘குற்றப் பதிவு’ என்ற சொல்லையே உறுதி செய்துவிடலாம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். கைதானவர் குற்றம் செய்தார் என்று அதுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, அதற்குள் நாம் சொல்லிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. நேரில் பார்த்த ஒன்றை வைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் இருப்பது மும்பை சயானில். சனிக்கிழமை சாயங்காலம் தாராவியில் ஒரு படிப்பகத்தில் உட்கார்ந்து நம் ஆட்களுக்கு மனு, படிவம் எழுதிக் கொடுப்பேன். போன மழைக்காலத்தில் ஒரு அம்மா வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மகனோடு இருக்க வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் ராத்திரி மகனை வேலை செய்யும் இடத்திலிருந்து போலீஸ் கூட்டிப்போயிருக்கிறது, எந்த ஸ்டேஷன் என்று கூட இருந்த பையன்களுக்கும் தெரியவில்லை, ஒரு காவல் நிலையத்தில் போய்க் கேட்டதற்கு ‘இங்கே இல்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். யாரோ ‘ஆன்லைனில் பேர் வந்திருக்கும், பாருங்கள்’ என்று சொல்லி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். காவல்துறைத் தளத்தைத் திறந்தோம். மராத்தியில் கைதுக்கு ‘அடக்’ என்பார்கள். பக்கத்தில் இருந்த பையன் அதைச் சத்தமாகப் படித்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அடக்கம்னா போட்டிருக்கு?’ என்று கேட்டார். இன்னொரு கையில் வைத்திருந்த மகனின் ஆதார் நகல் வியர்வையில் நனைந்து விரலோடு ஒட்டிப்போயிருந்தது.

பெயர் போட்டுத் தேடினால் வரவில்லை. நமக்கு ஒரு முதலெழுத்தும் ஒரு பெயரும்தான், இந்த ஊரிலோ பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். எழுதுகிறவர் எதை எந்தக் கட்டத்தில் போட்டார், ‘ழ’வுக்கு எந்த ஆங்கில எழுத்தைப் போட்டார் என்று வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத் தெரியாது. கடைசியில் அந்தத் தேதிக்கான பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான், அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில், அதிலும் ஒரு எழுத்து மாறி, வேறொரு காவல் நிலையத்தின் கணக்கில் அகப்பட்டது. அந்த அம்மாவுக்கு அன்று தேவைப்பட்டது ஒரே ஒரு தகவல்: மகன் எங்கே இருக்கிறான். அந்தத் தகவல் இருக்கும் பக்கத்துக்கு நாம் ‘குற்றப் பதிவு’ என்று தலைப்பு வைத்தால், அதைச் சொடுக்கக்கூட அவருக்குக் கை வராது.

இனி சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எத்தனை பொருளுக்கு நமக்குச் சொல் வேண்டும் என்று அங்கேதான் தெரிகிறது. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்யும்போது போலீஸ் பின்பற்ற வேண்டிய 11 விதிமுறைகள் வகுத்தது. கடைசி விதி, மாவட்டத் தலைமையிடங்களில் காவல் கட்டுப்பாட்டு அறை இருக்க வேண்டும், கைது நடந்த 12 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதும் அங்கே போய்ச் சேர வேண்டும், அறிவிப்புப் பலகையில் கண்ணில் படும்படி போட வேண்டும் என்பது. பிறகு அதுவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41சி பிரிவாகச் சேர்ந்து 2010 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது, 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒரு அதிகாரி இதற்கென்றே இருக்க வேண்டும், கைது செய்யப்பட்டவர்களின் பெயர், முகவரி, சாட்டப்பட்ட குற்றம் என்ன வகை என்பதை அவர் பராமரிக்க வேண்டும், அது காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லாருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும், மின்னணு முறையிலும் காட்டலாம். சட்டத்தின் வாசகமே ‘கைது செய்யப்பட்டவர்கள்’ என்றுதான் போகிறது, ‘குற்றவாளிகள்’ என்று ஒரு இடத்தில்கூட இல்லை.

ஆக, ‘அரெஸ்ட் ரெக்கார்டு’ என்று ஒரே பெயரில் நாம் குழப்பிக்கொண்டிருப்பது நாலு பொருள். கைது செய்யும்போதே எழுதி, வீட்டு ஆளோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கைதானவரும் கையெழுத்திடுகிற தாள் ஒன்று. அது அதே சன்ஹிதாவின் 36ஆம் பிரிவு. நிலையத்துக்குள் இருக்கிற கனமான நோட்டு ஒன்று. வெளியே எல்லாரும் பார்க்க வைக்கிற பட்டியல் ஒன்று. நாலாவது, ஒருவர் மேல் இதுவரை என்னென்ன வழக்கு வந்தது, எதில் தண்டனை, எதில் விடுதலை என்ற வரலாறு. இந்த நாலாவதை மட்டும்தான் ‘குற்றப் பதிவு’ என்பதற்குப் பக்கத்திலாவது கொண்டுபோக முடியும், அதற்கும் ‘வழக்கு வரலாறு’ என்பதே நேர்மையான சொல் என்று நினைக்கிறேன். 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி எடுக்கிற கைரேகை, கருவிழிப் பதிவெல்லாம் வேறு வகை. அது பொதுமக்கள் தேடிப் பார்ப்பதற்கானதே இல்லை, கைதானவர்களின் வீட்டாருக்காக நாம் எழுதும் கையேட்டில் அதைச் சேர்க்க வேண்டாம்.

> ‘கைது’ என்பதே உருது வழி வந்த சொல். ‘தளைப்புப் பதிவு’ என்று வைத்தால் என்ன?

ஐயா, கைது, கைதி இரண்டும் அரபியில் தொடங்கி உருது வழியாக நம்மிடம் வந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று அந்தச் சொல் தெரியாத தமிழர் இல்லை. அவசரத்தில் ஓடி வருகிறவர் தேடும் பக்கத்தில், அவர் வாழ்நாளில் கேட்காத ஒரு சொல்லை வைப்பது நியாயமாகத் தோன்றவில்லை. புதுச்சொல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘ஆட்கொணர்வு மனு’ என்று யார் முதலில் சொன்னார்களோ அவரைக் கும்பிட வேண்டும். ஆளைக் கொண்டுவா என்று நீதிமன்றத்திடம் கேட்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, படிக்காதவருக்கும் ஒரு தடவை சொன்னால் போதும். ‘தளைப்பு’ அப்படித் தன்னைத் தானே விளக்கவில்லை.

‘கைதுப் பதிவு’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் ‘பதிவு’ இப்போது முகநூலில் எழுதுவதற்கும் வந்துவிட்டது, ‘வழக்குப் பதிவு’ என்றால் வழக்குப் போடும் செயல், அப்புறம் பத்திரப் பதிவு வேறு. ‘கைதுப் பதிவைப் பாருங்கள்’ என்றால் கைதைப் பற்றி யாரோ எழுதியதைப் பார் என்று படிக்கிறார்கள், என் தங்கை அப்படித்தான் படித்தாள். ‘கைதுக் குறிப்பாணை’ என்று ஒருவர் சொன்னார், அந்தத் தாளில் ஆணை எதுவும் இல்லையே, நடந்ததைக் குறித்து வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

என் பரிந்துரை இதுதான். அந்தத் தாளுக்குக் கைதுக் குறிப்பு. உள்ளே இருக்கும் நோட்டுக்குக் கைதுப் பதிவேடு. வெளியே காட்டுவதற்குக் கைதானோர் பட்டியல். பொதுமக்கள் தேடிப் பார்க்கிற தகவல் முழுவதற்கும், பக்கத்தின் தலைப்புக்கும், கைது விவரம். ‘என்ன விவரம்?’ என்று நாம் நாள் முழுக்கக் கேட்கிற சொல், மிரட்டாத சொல்.

இழையைத் தொடங்கிய தம்பி ஒரு அமெரிக்கக் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) உதவிப் பக்கத்தைத் தமிழாக்குவதாகச் சொல்லியிருந்தார். அங்கே ஷெரிப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்) அலுவலகத் தளங்கள் பலவற்றில் சிறைக்குள் இருப்பவர்களின் பட்டியல் புகைப்படத்தோடு இருக்கும், எதைக் காட்டலாம் என்பதை மாநிலச் சட்டம் முடிவு செய்கிறது, அமெரிக்க ஒன்றிய அரசின் தகவல் சட்டம் கவுண்டிக்குப் பொருந்தாது. அந்தப் படங்களை எடுத்துத் தனியார் தளங்கள் போட்டுவிட்டு, நீக்குவதற்குப் பணம் கேட்டார்கள். கலிபோர்னியா அதைத் தடுக்க 2014இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. விடுதலையான பிறகும் ஒருவரின் முகம் தேடுபொறியில் நிற்கிறது என்றால், மேலே இருக்கும் தலைப்புச் சொல் எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள். அங்கேயும் ‘கைது விவரம்’ பொருந்தும்.

சொல் நிற்குமா என்று பார்க்க ஒரே வழி அதை வாக்கியத்தில் போடுவதுதான். கையேட்டுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்:

“வீட்டில் ஒருவரைப் போலீஸ் கூட்டிச் சென்று, எங்கே என்று தெரியாவிட்டால், அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கைதானோர் பட்டியலைக் கேளுங்கள், அதைக் காட்டுவது அவர்கள் கடமை. அங்கே இல்லையென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். இணையத்தில் கைது விவரம் தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள், தேதியையும் காவல் நிலையத்தையும் வைத்துப் பாருங்கள், அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டும் தேடுங்கள். கைதுக் குறிப்பில் உங்கள் வீட்டார் யாராவது சாட்சிக் கையெழுத்துப் போட்டார்களா என்று விசாரியுங்கள். முதல் தகவல் அறிக்கை எண் கிடைத்தால், அதையும் காவல் நிலையத்தையும் ஆண்டையும் கொடுத்து நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கைத் தேடலாம். கைதானவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு மேலும் ஆள் எங்கே என்று தெரியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு, சட்ட உதவி எண் 15100.”

தகவல் உரிமைச் சட்டத்தையும் ஒரு வரி சேர்க்கலாம். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், வழக்கமான 30 நாள் இல்லை. மனுவில் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

சயானிலிருந்து, அன்புடன்.

---

மறுபடியும் நான்தான். டெல்லி அக்கா கேட்ட இரண்டு கேள்விக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

> 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெயரும் இந்தக் கைது விவரத்தில் வருமா? அப்புறம், பட்டியலில் இருப்பவரை என்னவென்று சொல்வது? ஊர்க் கோர்ட்டுத் தாளில் ‘எதிரி’ என்று இருக்கிறதே.

வரக் கூடாது அக்கா. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 74ஆம் பிரிவு அவர்கள் அடையாளத்தை வெளியிடத் தடை போடுகிறது. அதோடு, அந்தச் சட்டம் சிறுவர் விஷயத்தில் ‘கைது’ என்ற சொல்லையே தவிர்த்து வேறு சொல் வைத்திருக்கிறது, லாக்கப்பிலும் வைக்கக் கூடாது என்கிறது. நாமும் ‘கைது’ போட வேண்டாம், ‘பிடித்துவைக்கப்பட்ட சிறார்’ என்று தனியாக எழுதிக்கொள்வோம். அதேபோல் முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோதே, பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற வழக்குகளுக்கு விலக்குக் கொடுத்தது. இணையத்தில் தேடியும் அறிக்கை வரவில்லையென்றால் வழக்கே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் கையேட்டில் சேர்த்துவிட்டேன்.

‘எதிரி’ பற்றி. தமிழ்நாட்டுக் காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் குற்றம் சாட்டப்பட்டவர்களை ‘முதல் எதிரி, இரண்டாம் எதிரி’ என்றுதான் எழுதுகிறார்கள், தொழிலில் இருப்பவர்களுக்கு அது வெறும் வரிசை எண். மகன் பெயருக்கு முன்னால் அதைப் படிக்கிற தாய்க்கு அப்படி இல்லை. மராத்தியின் ‘ஆரோபி’யில் சாட்டப்பட்டவர் என்ற பொருள் இருக்கிறது, இலங்கைப் பத்திரிகைகளில் ‘சந்தேகநபர்’ என்று எழுதுகிறார்கள். நம் செய்தித்தாள்களில் மட்டும் கைதான அன்றே ‘குற்றவாளி’ ஆகிவிடுகிறார். பட்டியலில் இருப்பவருக்கு ‘கைதானவர்’ போதும் அக்கா, அந்த நேரத்தில் உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நேற்று அந்த அம்மாவைப் பார்த்தபோது மேலே எழுதிய பத்தியை வாசித்துக் காட்டினேன். கைது விவரம், கைதானோர் பட்டியல் இரண்டையும் தாண்டிப் போய்விட்டார், கேள்வியே இல்லை. ‘கட்டுப்பாட்டு அறை’ வந்ததும் நிறுத்தி, ‘அது எங்க இருக்கு, அங்கதான் அடைச்சு வைப்பாகளா?’ என்று கேட்டார். அதனால் அந்த ஒரு இடத்தில் மட்டும் ‘போலீஸ் கண்ட்ரோல் ரூம்’ என்றே மாற்றியிருக்கிறேன். யாருக்காவது அதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள், அவரிடமே வாசித்துக் காட்டிவிட்டுச் சொல்கிறேன்.