புதுப்பிப்பு: கிளட்ச் மாற்றியாச்சு, கிரீஸ் விஷயம்

வண்டியின் கிளட்ச் மாற்றும்போது, கிளட்ச் பிளேட் நகரும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பல்வரிசையில் (ஸ்ப்லைன்) வீட்டில் கிடந்த வீல் பேரிங் கிரீஸையே போடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போடவில்லை. சூட்டில் இளகித் தெறித்து பிளேட்டில் பட்டால் கிளட்ச் வழுக்கும், மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கு என் முதுகு ஒத்துக்கொள்ளாது.

கடைசியில் வெப்பம் தாங்கும் கிளட்ச் ஸ்ப்லைன் கிரீஸ், சின்ன டியூப் ஒன்று வாங்கினேன். பழைய அழுக்கைத் துடைத்து, ஷாஃப்ட்டின் பல்வரிசையில் மெல்லிசாகப் பூசி, பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்தினேன். பிதுங்கி வந்ததைத் துணியால் துடைத்தெடுத்தேன். முக்கியமான வேலையே இதுதான். ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் உட்காரும் இடத்தில் ஒரு பொட்டு கிரீஸ். பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் அந்த ரிலீஸ் பேரிங்கின் உள்ளே கிரீஸ் அடைத்தே வருகிறது, அதைத் தொடவில்லை.

சரி, 200 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. பெடல் லேசாக இருக்கிறது, கிளம்பும்போது உதறலும் இல்லை.