சிங்கப்பூர் – நியூயார்க்: டிக்கெட்டில் 7 மணி நேரம், பறப்பது 19 மணி நேரமா?

தெம்பனிஸ்வாசி:
வணக்கம். செப்டம்பரில் அம்மா (வயது 68) அண்ணன் வீட்டுக்குத் தனியாக நியூயார்க் போகிறார். நேரடி விமானம். 12ஆம் தேதி இரவு 11:35க்குப் புறப்பட்டு 13ஆம் தேதி காலை 6:30க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. ஏழு மணி நேரம்தானா? தூரமும் ஓரிடத்தில் 15,340 கி.மீ., இன்னோரிடத்தில் 16,700. பெரிய கவலை மாத்திரைதான். பிரஷர் மாத்திரையைக் காலை 8, இரவு 8 என்று தவறாமல் போடுபவர். விமானத்தில் எந்த ஊர் நேரத்தைப் பார்ப்பது?

வான்வழி:
டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். செப்டம்பரில் நியூயார்க் சிங்கப்பூரைவிடச் சரியாக 12 மணி நேரம் பின்னால். அங்கே காலை 6:30 என்றால் இங்கே மாலை 6:30. ஆக, பறப்பது 18 மணி 55 நிமிடம்.

இரண்டு தூரமும் சரியே. பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சீனா, சைபீரியா தாண்டி வட துருவத்தை உரசிக்கொண்டு போகும். அதுதான் 15,340. ஆனால் விமானம் பெரும்பாலும் ஜப்பான் பக்கம் போய் வட பசிபிக்கைக் கடக்கிறது. அங்கே பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று ஓடுகிறது. அது பின்னாலிருந்து தள்ளும்போது சுற்றுவழியே லாபம். திரும்பும்போதும் அதே காற்றுக்காகப் பெரும்பாலும் அட்லாண்டிக் வழியாகக் கிழக்கே வருவார்கள். அப்படி அமைந்தால் உங்கள் அம்மா உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார்!

தெம்பனிஸ்வாசி:
அம்மாவிடம் சொன்னேன், முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம், மாத்திரை?

மருந்தகத்து அக்கா:
தம்பி, அம்மா கட்டுவது முள் கடிகாரமா? அப்படியென்றால் அதைத் திருப்பவே வேண்டாம். 12 மணி வித்தியாசத்தில் முள் நிற்கும் இடம் மாறாது. புறப்படும் முன் இரவு 8க்கு ஒன்று, விமானத்தில் முள் 8க்கு வரும்போது ஒன்று, அங்கே இறங்கிக் காலை 8க்கு ஒன்று. காலைக்கும் இரவுக்கும் வேறு வேறு மாத்திரை என்றால் மட்டும் கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள்.

வான்வழி:
ஒன்று விட்டுப்போயிற்று. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைப்பார்கள், வித்தியாசம் 13 ஆகிவிடும். அதற்குப் பிறகு திரும்புகிறாரா? இரவில் கிளம்பினால் இங்கே இறங்குவது இரண்டு தேதி தள்ளி. விமான நிலையத்துக்கு ஒரு நாள் முன்னாலேயே போய் நிற்காதீர்கள்.

தெம்பனிஸ்வாசி:
நவம்பர் 25 இரவு கிளம்புகிறார், 27 காலை இறக்கம். 26 என்றுதான் விடுப்பு எழுதியிருந்தேன், மாற்றிவிட்டேன். அப்பா வாங்கிக் கொடுத்த எச்எம்டி முள் கடிகாரம்தான் அம்மா கையில் இருக்கிறது. மிக்க நன்றி அக்கா, நன்றி நண்பரே.